பவுசர் அண்ணையும் ஒரு கல்லுத்தாமரையும்

மன்னார்த் தீவில் பவுசர் அண்ணையைப் போலத் தண்ணீரை அள்ளிக் கொடுத்தவரும் கிடையாது, அவரைப் போலத் தண்ணீரைத் திட்டியவரும் கிடையாது. இரண்டு வேலையையும் ஒரே ஆள், ஒரே காலைப்பொழுதில், ஒரே வாயை வைத்துக்கொண்டு செய்தார் என்பதுதான் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்தவர்களின் பெருமை.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. முதலாளி ஒருவரின் பவுசரை, அதாவது தண்ணீர்த் தாங்கி லொறியை ஓட்டினார், அதனால் பவுசர். வயது அறுபதைத் தாண்டியிருந்தது, அதனால் அண்ணை. நானாட்டான் பக்கத்தில் ஒரு நன்னீர்க் கிணற்றில் நிரப்பிக்கொண்டு, பாலம் கடந்து தீவுக்குள் வந்து, உப்புக் கிணறுகளோடு மல்லுக்கட்டும் எங்களுடைய தகரப் பரல்களை நிரப்பிவிட்டுப் போவார். அவருடைய லொறிச் சத்தம் கேட்டால், கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தாலும் பின்வரிசை மெல்லக் கரையும். பங்குத்தந்தை கூப்பிட்டுக் கண்டித்தார். அண்ணை பணிந்துபோனார். அடுத்த ஞாயிறு முதல் பூசையின் நடுவில் வராமல், சரியாகப் பிரசங்கம் தொடங்கும் நேரத்துக்கு வந்தார். கொஞ்ச நாளில் பிரசங்கம் நன்றாகச் சுருங்கிவிட்டது. அவர் ஊருக்குச் செய்த பொதுச்சேவைகளில் அதையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறார்கள்.

நான் அரசாங்க உத்தியோகத்தில் மாற்றலாகி மன்னார்க் கந்தோருக்கு வந்து, பிலோமினா அக்கா வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருக்கத் தொடங்கிய புதிது. வேலி கிடையாது, அக்காவின் முற்றம் முடிகிற இடத்தில் அண்ணையின் தகரக் கொட்டில் தொடங்கும். முதல் நாள் காலை, வாய் கொப்பளிக்க ஒரு பேணி தண்ணீரோடு வெளியே வந்தேன். கொட்டிலின் கிழக்குச் சுவரோரம் நண்டு பிடிக்கிற கம்பி நண்டுக்கூடு ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே நண்டு இல்லை. ஒரு மண்சட்டியும், அதில் தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற பீரிசு அளவில், சாம்பலும் நீலமும் கலந்த ஒரு செடியும் இருந்தன. தடித்த இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வட்டமாக அடுக்கியிருந்தன. விரிந்த தாமரையைக் கல்லில் செதுக்கி வைத்ததுபோல இருந்தது. கிட்டப் போய்க் குனிந்தேன், அவ்வளவுதான்.

"தம்பி, அந்தப் பேணியைக் கீழ வையும்."

திரும்பினால், பவுசரின் சாரதி ஆசனத்திலிருந்து ஒரு தலை நீண்டிருந்தது. நான் பேணியைக் கீழே வைத்தேன். இன்னும் தள்ளி வைக்கச் சொன்னார். தள்ளி வைத்தேன். அதற்குப் பிறகுதான் இறங்கி வந்து, நான் யார், எந்த ஊர், எந்தக் கந்தோர் என்று விசாரித்தார். அவருடைய முதுகுக்குப் பின்னால் பவுசரின் குழாய் சொட்டுச் சொட்டாக நிலத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

பேச்சை மாற்றுவதற்காக, இது கத்தாளையா என்று கேட்டுவைத்தேன். சுறாவைப் பார்த்துச் சூடை மீனா என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். அதன் பெயர் கல்லுத்தாமரை. படித்தவர்கள் வேறு பெயர் வைத்திருக்கலாம். இது அவருடைய மனைவி லூர்து அக்கா வைத்த பெயர். ஆகவே மேல்முறையீடு கிடையாது.

லூர்து அக்கா அப்போது மன்னாரில் இல்லை. சண்டைக் காலத்தில் இரண்டு பேரும் வள்ளமேறித் தமிழ்நாட்டுக்குப் போனவர்கள். அகதி முகாமிலேயே அரைவாசி ஆயுள் போய்விட்டது. இரண்டு பெண் பிள்ளைகளும் அங்கேயே பிறந்து, அங்கேயே கலியாணம் கட்டிவிட்டார்கள். சண்டை முடிந்து கனகாலத்துக்குப் பிறகு அண்ணைக்கு ஊர் ஞாபகம் பிடித்துக்கொண்டது. அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "அங்க எங்களுக்கு ஆரப்பா இருக்கினம்?" என்று ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாராம். உறவினரில் பாதிப்பேர் கனடாவில், மீதிப்பேர் சேமக்காலைக் கல்லறைகளில்.

கடைசியில் அண்ணை தனியாகப் புறப்பட்ட அன்று, முகாம் வாசலில் பெயின்ற் வாளியில் நின்ற செடியிலிருந்து அக்கா ஓர் இலையைக் கிள்ளிக் கொடுத்து, "இது அங்க பிடிச்சால் நானும் வாறன்" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை. அவருக்குப் பகிடி விளங்காது. நாங்கள் அவரைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்ததற்கெல்லாம் அதுதான் காரணம். அவர் அதை ஓர் ஒப்பந்தமாகவே எடுத்துக்கொண்டார். இலையும் சட்டைப்பையில், அந்தோனியார் படத்துக்குப் பின்னால் பதுங்கி விமானமேறியது.

இந்தச் செடியில் இலையை நட வேண்டியதில்லை, காய்ந்த மணலின் மேல் சும்மா போட்டுவைத்தால் போதும். அண்ணை போட்டுவைத்தார். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இலையின் அடியில் இளஞ்சிவப்பாக நூல்போல ஒரு வேர். அதன் பக்கத்தில் கடுகளவில் ஒரு குருத்து. தாய் இலை வற்றச் சுருங்க, குருத்து சின்னப் பூப்போல விரிந்தது. படம் எடுத்து அனுப்பினார். அக்கா பார்த்துவிட்டு, பிடித்தால் மட்டும் போதாது, பீரிசு அளவு வரட்டும் என்றார். பீரிசு அளவு வந்தது. மாரி ஒன்றைத் தாண்டட்டும் என்றார். தாண்டியது. இப்போது பூக்கட்டும் என்று சொல்லியிருந்தார். எங்கள் கந்தோருக்கு வருகிறவர்களை நாங்களும் இப்படித்தான் ஒன்றைக் கொண்டுவந்தால் இன்னொன்றைக் கேட்டு அனுப்புவோம். லூர்து அக்கா மட்டும் அரச உத்தியோகத்துக்குப் போயிருந்தால் பெரிய இடத்துக்கு வந்திருப்பார்.

இதனால்தான் அந்தச் சட்டியைச் சுற்றி அவ்வளவு கட்டுப்பாடு. செடி வளர்ப்பதென்றால் தண்ணீர் ஊற்றுவது என்று நம்புகிற மனிதகுலத்துக்கு எதிராக அண்ணை தனியாக நின்று போராடினார். காலையில் எழும்பியதும் சட்டியைக் கையில் தூக்கிப் பாரம் பார்ப்பார். அடியிலையை மெதுவாக அழுத்துவார். சட்டி வெறும் பேணிபோல இலேசாகி, அடியிலையும் தளர்ந்திருந்தால்தான் தண்ணீர். அதுவும் இலையில் படாமல், விளிம்பைச் சுற்றி, அடித்துளையால் வடிகிற அளவுக்கு ஊற்றிவிட்டு, பிறகு அப்படி ஒரு செடி இருப்பதையே மறந்துவிட வேண்டும். நடுக்குருத்தில் ஒரு துளி தங்கினாலும் வெயிலில் அவிந்துவிடுமாம். இலையின் மேல் வெள்ளையாக மாப்போல ஒன்று படிந்திருக்கும். வெயிலுக்கு அதுதான் அதன் குடை. தொட்டால் அழியும், அழிந்த இடத்தில் திரும்ப வராது. அப்படி ஓர் அடையாளத்தைக் கண்டால் அண்ணை குனிந்து ஆராய்ந்து, "இது பிலோமினாவின்ர பெருவிரல்" என்று தீர்ப்புச் சொல்வார். பிலோமினா அக்கா ஒருபோதும் மறுத்ததில்லை.

மணல் விஷயம் இன்னும் மோசம். எங்கள் தீவே மணல்தான். சோற்றில் மணல், கட்டிலில் மணல், கந்தோர்க் கோப்புகளுக்குள் மணல். ஆனால் அது உப்பு மணல், செடிக்கு ஆகாது. ஆகவே அண்ணை பெருநிலத்திலிருந்து ஒரு பால்மா ரின்னில் ஆற்று மணல் கொண்டுவந்தார். மணல் ஏற்றுவதற்குப் பெர்மிட் கேட்டுப் பொலிஸ் கடுமையாக நின்ற காலம். பாலத்தடியில் மறித்த அதிகாரி தண்ணீர்த் தாங்கியை விட்டுவிட்டு ரின்னைத் திறந்து, இது என்ன என்றார். அண்ணைக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் வெளியே வந்தது: "மல், சேர். மல் வலட்ட." பூவுக்கு என்று சொன்னாராம். அதிகாரி நம்பாமல் மணலைக் கையில் கொட்டிப் பார்த்தார். அண்ணை கைப்பேசியில் செடியின் படத்தைக் காட்டினார். அதிகாரியின் முகம் மாறிவிட்டது. அவருடைய மனைவியும் ஊரில் இதே செடியை மாஜரீன் கோப்பைகளில் வளர்க்கிறாராம். எல்லாம் கழுத்து நீண்டு கோணலாகப் போகிறதாம், என்ன செய்யலாம் என்று கேட்டார். வெளிச்சம் போதாது, காலை வெயில் காட்டச் சொல்லுங்கோ என்று அண்ணை தமிழிலும் கையாலும் விளக்கினார். இரண்டு பேரும் பவுசரின் பொனற்றில் சாய்ந்து நின்று கதைத்து முடிக்க, பின்னால் வவுனியா பஸ்சும், அதற்குப் பின்னால் மீன்வாடிக்கு ஐஸ் கொண்டுவந்த லொறியும் காத்துக்கிடந்தன. அன்றைக்குத் தீவுக்குள் வந்த ஐஸ் பாதி தண்ணீராக வந்தது.

அந்த மணலை அவர் நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினார். செடிக்கு ஒரு சிரட்டை தண்ணீர் கொடுக்காத மனிதர் அதன் மணலுக்கு ஒரு பரலையே கொடுத்தார். காயவைத்து, ஓட்டுத்துண்டும் கரியும் இடித்துக் கலந்தார். சோளகம் வீசும் காலத்தில் உப்புக் காற்றுக்குச் சாக்கு மறைப்புக் கட்டினார். காற்று அடியோடு நின்றுபோகும் நாட்களில் வீட்டிலிருந்த ஒரே மின்விசிறியைச் செடிக்குப் போட்டுவிட்டு, தான் பழைய பேப்பரால் விசிறிக்கொண்டு கிடந்தார். நண்டுக்கூடு கழுதைகளுக்காக. எங்கள் ஊர்க் கழுதைகளுக்கு ஒழுங்கையில் எங்களைவிட உரிமை அதிகம். ஒன்று எப்படியோ உதட்டை நுழைத்து ஓர் இலையைக் கடித்து, ருசி பிடிக்காமல் துப்பிவிட்டுப் போனது. அன்றிலிருந்து அண்ணை அந்தக் கழுதையைச் சாத்தானின் பெயர் வைத்து லூசிப்பேர் என்றுதான் கூப்பிட்டார்.

ஞாயிறு பின்னேரம் வீடியோ அழைப்பு. அண்ணை சவரம் செய்து, சட்டை மாற்றி, கதிரையில் நிமிர்ந்து இருப்பார். லூர்து அக்கா திரையில் வந்ததும், "சரி, நீங்கள் விலகுங்கோ, அதைக் காட்டுங்கோ" என்பார். அண்ணை விலகுவார். அதற்குப் பிறகு அரைமணித்தியாலம் செடியும் அக்காவும்தான். வேலி இல்லாத வளவு என்பதால் பிலோமினா அக்காவும் நானும், கடன் கொடுக்காத கடைக்காரர் என்று பெயரெடுத்த முனைக்கடை நானாவும் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டே பழகிவிட்டோம். அக்கா வரவேண்டும் என்பதில் எங்கள் மூன்று பேருக்கும் அண்ணையைவிட அவசரம். காரணம், அவர் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பார்த்தால் அவர் எங்களையும் சாப்பிடச் சொல்வார்.

அப்போதுதான் இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடந்தன. இலைகளுக்கு நடுவிலிருந்து வளைந்த காம்பொன்று எழும்பியது. அதன் நுனியில் அரிசியளவில் செம்மஞ்சள் மொட்டுகள். அதே கிழமை அண்ணை பவுசரை ஓட்டிக்கொண்டு வரும்போது, கோயிலடியில் ஒரு கழுதைக்கு மரியாதையாகக் கைகாட்டி வழிவிட்டுவிட்டு, அதற்குப் பின்னால் வந்த பங்குத்தந்தைக்கு விலகச் சொல்லி ஹோர்ன் அடித்தார். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது என்று தெரிந்தது. முதலில் ஒரு கண்ணுக்கு யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை, பிறகு அங்கேயே ஒரு பழைய கூட்டாளி வீட்டில் ஓய்வு என்று முடிவாயிற்று. அண்ணை பூத்த பிறகு போவதாகச் சொன்னார். முதலாளி பவுசரின் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டார்.

செடியை யாரிடம் விடுவது? ஒரு மாலை என் அறைக்கு வந்து கதிரையில் இருந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

"தம்பி, காலமை எழும்பினால் படுக்கையை மடிக்கிறனீரோ?"

"இல்லை அண்ணை."

"அந்தச் சிலந்தி வலை நீர் வந்த நாள்தொட்டுக் கிடக்குது. அடிக்க யோசிக்கேல்லையோ?"

"யோசிச்சனான். செய்யேல்லை."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீர்தான் ஆள்" என்றார். பிலோமினா அக்காவுக்கும் நானாவுக்கும் மனம் நல்லது, ஆனால் கை சும்மா இராது. செடிக்கு அதுதான் கூடாது என்று விளக்கினார். எனக்கு இட்ட கட்டளை ஒன்றே ஒன்று, சும்மா இருப்பது. தொடக்கூடாது, தூக்கக்கூடாது, ஊற்றக்கூடாது. என் வாழ்க்கையில் என் திறமைக்கு ஏற்ற பொறுப்பை என்னிடம் தந்த முதல் மனிதர் அவர்தான். நானும் அதை ஒரு குறையும் வைக்காமல் நிறைவேற்றினேன்.

ஆனால் நான் காலையில் கந்தோருக்குப் போய்விடுவேன். ஒரு சனிக்கிழமை முற்றத்துக்கு வந்தபோது மீன் நாற்றம் அடித்தது. குசினிப் பக்கத்திலிருந்து வரவில்லை, நண்டுக்கூட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. பூக்காம்பு தலைகுப்புறச் சாய்ந்து கிடந்தது. இலைகள் கல்லின் நிறத்தை விட்டு ஜெலியின் நிறத்துக்கு வந்திருந்தன. தொட்டேன், ஓர் இலை கழன்று வழுக்கிக் கையோடு வந்தது. சட்டியைத் தூக்கினேன். ஈரச் சாக்குப்போலப் பாரம்.

விசாரணை நானாவின் கடை முன் இருந்த மர வாங்கில் நடந்தது. விசாரிக்கவே தேவைப்படவில்லை. பிலோமினா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தானாகவே சொன்னார்.

"பூக்கிற நேரம், தம்பி. வயித்துப்பிள்ளைக்காரி மாதிரி. அதைப் பட்டினி போட எனக்கு மனம் வரேல்லை. மீன் கழுவின தண்ணிதான், ஒரு நாளைக்கு ஒரு சிரட்டை."

இந்தக் கரையில் முருங்கை, கறிவேப்பிலை, தோடை எல்லாம் மீன் கழுவிய தண்ணீரில்தான் நிமிர்ந்து நிற்கின்றன. அதைவிட நல்ல உரம் உண்டென்று சொன்னால் அக்காவின் வீட்டுக்குள் திரும்பவும் காலெடுத்து வைக்க முடியாது. நானா தன் பங்குக்குக் கடை மூடும் நேரத்தில் தேயிலைச் சக்கை போட்டிருக்கிறார். அவருடைய ரோசாவுக்கு அது அப்படிப் பிடிக்குமாம். செடி சோர்ந்ததைக் கண்டதும் பிலோமினா அக்கா மடு மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தையும் நடுக்குருத்தில் பார்த்து ஊற்றியிருக்கிறார். ஒருவருக்கு மற்றவர் செய்தது தெரியாது. லூர்து அக்காவைத் தான் ஒருவரே தனியாகக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று இரண்டு பேரும் இரகசியமாக நம்பியிருந்தார்கள்.

என்ன செய்வது என்று யோசித்து, அவர்கள் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பஸ் நிலையத்தடி பான்சிச் சாமான் கடையில் அச்சொட்டாக அதேபோல ஒரு பிளாஸ்ரிக் செடி இருந்தது. ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை, மறு கண்ணில் புரை. அண்ணைக்கு எங்கே தெரியப்போகிறது என்று கணக்குப் போட்டார்கள். எனக்கு அந்தத் திட்டத்தில் சம்மதமில்லை. எதிர்க்கவும் உடம்பு வளையவில்லை. அழுகிய செடியை அப்படியே பேப்பரில் வைத்து என் அறைக்குள் எடுத்துக்கொண்டேன்.

அண்ணை கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். பையைக்கூட வைக்காமல் நேரே நண்டுக்கூட்டுக்குப் போனார். கண்ணாடியைக் கழற்றினார். நன்றாகக் குனிந்து பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் பிலோமினா அக்காவின் வாசலில் வரிசையாக நின்றோம்.

"டொக்டர் கெட்டிக்காரன்தான்" என்றார். "இலைக்கு அடியில சைனா எண்டு எழுதியிருக்கிறதுகூட வடிவாத் தெரியுது."

நான் போய்ப் பேப்பரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் சவர பிளேட்டைத் துடைத்து, தண்டைக் குறுக்கே மெல்லியதாக வெட்டினார். உள்ளே கறுப்பு. அழுகாத பச்சை கொஞ்சம் தெரிந்தால் போதும், தலையை வெட்டிக் காயவைத்துத் திரும்ப வேர்பிடிக்கப் பண்ணலாம். இன்னும் மேலே வெட்டினார், அங்கேயும் கறுப்பு. குருத்துவரை வெட்டிப் பார்த்தார். பிறகு இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, புதுக்கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார். அவர் ஏசியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எழும்பிப் போய்ப் பவுசரில் ஏறி, திறப்புப் போடாமல் பொழுதுபடும்வரை ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

ஞாயிறு வந்தது. அண்ணை சவரம் செய்யவில்லை. ஆனாலும் கதிரையில் வந்து இருந்தார். நாங்களும் குற்றவாளிகளைப் போலப் பக்கத்தில் போய் நின்றோம். திரையில் அக்கா வந்து, வழமைபோல விலகச் சொன்னார். அண்ணை விலகவில்லை.

"அது செத்துப்போச்சுதப்பா. நான் கண் வெட்டப் போன நேரம்."

அக்கா, "ஆரும் பாக்கேல்லையோ?" என்றார்.

"எல்லாரும் பாத்தவை. அதாலதான்."

பிலோமினா அக்காவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. அண்ணையின் கையிலிருந்து போனைப் பறித்து, மீன் தண்ணீரில் தொடங்கித் தீர்த்தம்வரை ஒன்றும் விடாமல் ஒப்புவித்தார். பங்குத்தந்தையிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அவர் இவ்வளவு நேர்மையாக இருந்திருக்கமாட்டார். நானா தோளுக்கு மேலால் தலையை நீட்டி, தேயிலை தன்னுடையது என்றார். லூர்து அக்கா முழுவதையும் கேட்டார்.

"என்னை உங்களுக்கு ஆரெண்டே தெரியாதே, பிள்ளை. ஏன் ஊத்தினனீங்கள்?"

"அதுக்குத்தான் அக்கா" என்றார் பிலோமினா அக்கா. "வந்தால்தானே தெரியும்."

லூர்து அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அந்தச் சின்னத் திரையில் தெரியவில்லை. அண்ணையைக் கூப்பிடச் சொன்னார். அண்ணை வந்து போனை வாங்கினார்.

"இஞ்சருங்கோ. நான் வாறன். ஊருக்குத் திரும்பப் பதிவு செய்யச் சொல்லிப் பிள்ளையளிட்டச் சொல்லுறன். அதுக்கு முதல் அந்தச் சட்டியைக் கழுவி வையுங்கோ, மீன் நாத்தம் போகட்டும்."

அன்றிரவு முழுவதும் ஒழுங்கைக்கே திருநாள்தான். அடுத்த நாள் காலை அண்ணை என் அறைக்கு வந்து கதிரையில் விழுந்தார். சந்தோசப்படுவார் என்று பார்த்தால், முகத்தில் கடும் கோபம்.

"எவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு துளி தண்ணி விடாமல் வளத்தனான், தம்பி. முதல் கிழமையே உங்களிட்டக் குடுத்துச் சாக்காட்டியிருந்தால் அவள் அப்பவே வந்திருப்பாள்."

மடு ஆவணித் திருநாளுக்கு முதல் லூர்து அக்கா வந்து சேர்ந்தார். திறப்பு திரும்பக் கிடைத்திருந்த அண்ணை பவுசரைக் கழுவி, முன்கண்ணாடிக்குப் பூ வைத்து, ரெயில் நிலையத்துக்கு அதிலேயே போனார். அக்கா இறங்கியதும் கொட்டிலை ஒருதரம் பார்த்தார். பிலோமினா அக்கா வீட்டுக்குள் போய்ப் பொரித்த மீனும் சோறும் சாப்பிட்டுவிட்டு, பிறகு வெளியே வந்து கூரைத் தகரத்தை மாற்றச் சொன்னார். அடுத்த கிழமை இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு முருங்கைத் தடி நடப்பட்டது. அதற்கு மீன் தண்ணீரை எந்த நேரத்தில் ஊற்றுவது என்பதில் இரண்டு அக்காமாருக்கும் கருத்து வேறுபாடு. அண்ணை அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

அடுத்த வருசம் எனக்கு இடமாற்றம் வந்தது. போகிற அன்று விடியவே பெட்டியை முச்சக்கரவண்டியில் ஏற்றி, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு புறப்பட்டால், ஒழுங்கை முகப்பில் பவுசர் குறுக்கே நிற்கிறது. பொனற் திறந்திருந்தது. அண்ணை உள்ளே குனிந்து நின்றார். எஞ்சினில் ஏதோ பழுதாம், பார்த்துக்கொண்டிருக்கிறாராம். லூர்து அக்கா முற்றத்தில் நின்று, "விடுங்கோப்பா, அந்தப் பிள்ளை போகட்டும்" என்று குரல் கொடுத்தார். அவருக்குக் கேட்கவில்லை. ஒருத்தி வருவதற்காக அத்தனை காலம் காவல் இருந்த மனிதருக்கு ஒருவனை அனுப்பிவைக்கத் தெரியவில்லை. பெரிய தெருவில் நான் பிடிக்க வேண்டிய யாழ்ப்பாண பஸ் போகிற சத்தம் கேட்டது.

அந்த எஞ்சினில் ஒரு பழுதும் இல்லை என்று எனக்கும் தெரியும், முச்சக்கரவண்டிக்காரனுக்கும் தெரியும். நான் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய், அவர் பக்கத்தில் குனிந்து, அந்தப் பழுதை அவரோடு சேர்ந்து தேடத் தொடங்கினேன்.